முப்பது நாளும் பத்து நாழிகையும்: தமிழகத்திற்கும் மலாக்காவிற்கும் இடைப்பட்ட தொலைவின் வரலாறு

சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கும் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட வான்தொலைவு ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். சிப்பாங்கிலிருந்து சென்னைக்கு 2,600 கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. பயண நேரம் இரண்டுக்கும் நான்கு மணிக்குச் சிறிது முன்பின். நமது பத்து பெரண்டாம் விமான நிலையத்திலிருந்து தமிழகத்திற்கு நேரடிச் சேவை கிடையாது. ஆதலால் மலாக்காத் தமிழர் ஒன்றரை மணி நேரம் சாலைவழிச் சென்று சிப்பாங்கில் ஏறுகின்றனர். நான்கு மணி என்று நான் கூறுவது பயணியின் உடல் உணரும் நேரமாகும். கடிகாரம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. மலேசிய நேரம் இந்திய நேரத்தினும் இரண்டரை மணி முந்தியது. எனவே இரவு ஒன்பது மணிக்கு இங்கே புறப்படுபவர் அங்கே இறங்கும்போது சுவர்க்கடிகாரம் பத்தரையைக் காட்டும். திரும்பி வரும்போதோ அந்த நான்கு மணி ஆறரையாகிவிடும்.

இந்த எண்கள் எவருக்கும் எளிதில் கிடைப்பவை. இவ்வுரையில் நான் கேட்க விரும்புவது, இந்த நான்கு மணிக்கு முன்னர் அங்கே என்ன எண் இருந்தது, அவ்வெண் மாறியபோதெல்லாம் இம்மாநிலத் தமிழரின் வாழ்வும் மொழியும் எவ்வாறு மாறின என்பதையே. நாகைக் கடற்கரைக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடைப்பட்ட கடல் ஆயிரம் ஆண்டுகளில் ஓர் அடிகூடக் குறையவில்லை. குறைந்தது அதைக் கடக்கும் காலம். அக்காலமும் ஒரே சீராகக் குறைந்துகொண்டு வரவில்லை. சில பொழுது குறைந்தது. சில பொழுது எல்லையற்று நீண்டது.

காதமும் கட்டையும்

தமிழ் மரபில் தொலைவு என்பது பெரும்பாலும் காலமாகவே அளக்கப்பட்டது. ஒரு நாழிகை நேரத்தில் நடந்து கடக்கும் வழி 'நாழிகைவழி'. ஏழரை நாழிகைவழி ஒரு காதம். நாழிகை என்பது 24 நிமிடம். ஏழரை நாழிகை மூன்று மணி. காதத்தை ஏறக்குறைய 10 மைல் என்று அகராதிகள் கூறுவதும் இக்கணக்கோடு பொருந்துகிறது: மூன்று மணி நேரத்தில் 10 மைல் நடப்பது திடமான ஓர் ஆளின் நடை. இதனினும் குறுகிய அளவுக்கு நம்மவர் குரலையே கோலாகக் கொண்டனர். கூவினால் கேட்கும் எல்லை 'கூப்பிடு தூரம்'. காலும் குரலும் அளவுகோலாக இருந்த மொழி அது.

நிலத்திற்கு இருந்த இவ்வளவுகள் கடலுக்குச் செல்லவில்லை. நடக்க இயலாத இடத்தில் காதம் ஏது? கடல்வழியை நாள் கணக்கில் சொன்னார்கள். இன்னும் சரியாகச் சொன்னால், காற்றின் கணக்கில் சொன்னார்கள்.

இந்நாட்டிற்கு வந்தபின் தோட்டத் தமிழர் ஒரு புதிய அளவுச்சொல்லை ஆக்கிக்கொண்டனர். சாலையோரத்து மைற்குறியை இங்குள்ளோர் 'கட்டை' என்றனர். 'ஐந்தாங்கட்டை', 'ஏழாங்கட்டை' என்பன இடப்பெயர்களாகவே நிலைத்தன. தமிழகத்தில் அதே பொருளில் 'கல்' வழங்கியது. மலாய் மொழியிலும் கல்லைக் குறிக்கும் 'பத்து' என்னும் சொல்லே மைலையும் குறித்தது. கல்லிருந்த இடத்தில் கட்டை எவ்வாறு வந்தது என்பதை இங்கே விரித்தால் உரை திசைமாறும். மைற்குறிகள் போய்க் கிலோமீட்டர்ப் பலகைகள் வந்த பின்னும் 'கட்டை' பேச்சில் அழியவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

சிப்பாங்–திருச்சித் தொலைவைப் பழைய அளவில் சொன்னால் ஏறத்தாழ 168 காதம். காதத்திற்கு மூன்று மணி வீதம், உறங்காமல் நடந்தால் 21 நாள். விமானம் எடுத்துக்கொள்வது 10 நாழிகை. அந்தப் பத்து நாழிகையில், மலாக்கா நகரிலிருந்து கால்நடையாகக் கிளம்பிய ஒருவர் ஆலோர் காஜாவை நெருங்கியிருப்பார், சேர்ந்திருக்க மாட்டார்.

காற்றுக்குக் கீழுள்ள நாடு

இக்கடல்வழிக்குக் கிடைக்கும் மிகப் பழைய நாட்கணக்குகளுள் ஒன்றைத் தந்தவர் தமிழரல்லர், மலாயரும் அல்லர். ஏழாம் நூற்றாண்டின் சீனத் துறவி யீஜிங், தம் காலத்தில் இந்தியா சென்ற சமகாலத் துறவியர் பலரின் வரலாறுகளைத் தொகுத்தார். அவருள் ஒருவர் குளிர்காலத்தின் இறுதியில் கெடாவில் கப்பலேறி, மேற்கு நோக்கி முப்பது நாள் பயணம் செய்து, நாகப்பட்டினம் சேர்ந்தார். அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை அடைந்தார். நாகப்பட்டினம் என்னும் பெயர் அங்கே அடையாளங்காணத் தக்க வடிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கெடா என்பது நம் இலக்கியத்தின் கடாரம். பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்தை உரைகாரர் கடாரம் என்றே கொண்டனர். 1025 ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் கடற்படை சென்றதும் இக்கடாரத்திற்கே. படையெடுப்பைப் பற்றி நம்மிடையே மேடைப்பேச்சு மிகுதி. அக்கப்பல்கள் எந்தக் காற்றில் சென்றன என்று கேட்பவர் மிகச் சிலர்.

முப்பது நாள் என்பது காற்றுக்குள்ள நாளின் கணக்கு. காற்றுக்காகக் காத்திருந்த நாள் அதில் சேராது. தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே கொண்டுவரும். வடகிழக்குப் பருவக்காற்று மேற்கே கொண்டுசெல்லும். ஒரு காற்றில் வந்தவன் மற்றொரு காற்று தொடங்கும்வரை துறையிலேயே தங்கவேண்டும். எனவே முப்பது நாள் வழி, போய்வரும் பயணமாகக் கொள்ளும்போது ஏறக்குறைய ஓராண்டு ஆகிவிடுகிறது. மலாய் மொழி இதனை அழகாகப் பதிவு செய்துள்ளது. மலாய்த் தீவுக்கூட்டத்தை 'காற்றுக்குக் கீழுள்ள நாடு' என்றும், இந்தியா முதலிய மேற்றிசை நாடுகளைக் 'காற்றுக்கு மேலுள்ள நாடு' என்றும் அம்மொழி வழங்கிற்று. தமிழில் வாடை, கோடை, கொண்டல், தென்றல் எனத் திசைக்கு ஒரு காற்று உண்டு. ஆனால் காற்றைக் கொண்டு உலகத்தையே இரண்டாகப் பகுத்த சொல்லாட்சி நம்மிடம் இல்லை. அது வந்துபோவோரைக் கண்டுகொண்டே கரையில் இருந்தவர்களின் பார்வை.

மலாக்கா வளர்ந்ததன் காரணமும் இதுவே. 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இத்துறைமுகம், மேற்கிலிருந்து வரும் காற்றும் சீனக்கடலிலிருந்து வரும் காற்றும் முடிந்து தொடங்கும் இடத்தில் அமைந்தது. 1512 முதல் 1515 வரையிலான ஆண்டுகளில் தம் நூலை எழுதிய போர்த்துக்கீசியர் தொமே பிரேஸ், இவ்வூரின் சிறப்பைக் காற்றுகளின் முடிவும் தொடக்கமுமாகவே விளக்குகிறார். இத்துறையில் 84 மொழிகள் ஒலித்ததாகவும், வணிகரைக் கண்காணிக்க நான்கு துறைத்தலைவர்கள் இருந்ததாகவும் அவர் எழுதினார். அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் இருந்தவர்கள் 'கெலிங்' எனப்பட்ட சோழமண்டலக் கரையினரும், வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடத்து வணிகரும் ஆவர். 1511 இல் மலாக்கா போர்த்துக்கீசியர் வசமானபின், நீனா சாத்து என அவர்கள் எழுதிய தமிழ் வணிகர் இங்கே பெண்டாகாரா பதவியில் அமர்த்தப்பட்டார்.

காத்திருப்பு குடியேற்றமாக மாறியது. ஓராண்டின் பெரும்பகுதியை இங்கே கழித்த வணிகர் இங்கேயே மணம் புரிந்தனர். கப்பலில் வந்தோர் ஆண்கள். பெண்கள் வந்ததில்லை என்றே சொல்லலாம். இவ்வாறு உருவானவர்களே மலாக்காச் செட்டிகள். டச்சுக்காரர் அளித்த நிலத்தில் 1781 இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் பொற்கொல்லர் தெருவில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. காஜா பெராங்கில் அவர்களது கம்பமும் சிறு கோயில்களும் உள்ளன. சமயம் நிலைத்தது, பொங்கலும் முன்னோர் படையலும் நிலைத்தன, பெயர்களும் நிலைத்தன. மொழி நிலைக்கவில்லை. அவர்களது வீட்டுமொழி மலாயின் ஒரு கிளைமொழி. அதற்குள் தமிழ்ச் சொற்கள், பெரிதும் சடங்கும் உணவும் உறவும் சார்ந்தவை, பதிந்து கிடக்கின்றன.

இம்மொழியிழப்புக்குத் தொலைவையே காரணமாகச் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அது முழுமையாகத் தோன்றவில்லை. ஏனெனில் அதே மலாக்காவில், அதே தொலைவில், தமிழ் நெடுங்காலம் வணிக மொழியாக வாழ்ந்தது. 1796 இல் இங்கே பிறந்த முன்சி அப்துல்லா, நாகூர்வழி வந்த குடும்பத்தவர். தம் சிறுவயதில் தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதையும், மலாக்காவின் வசதி படைத்தோர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது பழைய வழக்கம் என்பதையும், கணக்கெழுதத் தமிழ் பயன்பட்டதையும் அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆகவே, கணக்கேட்டில் தமிழ் இருந்த ஊரிலேயே அடுக்களையில் அது இல்லாது போயிற்று. தொலைவு இரண்டிற்கும் ஒன்றுதான். வந்தவர் யார், உடன் வந்தவர் யார் என்பதே வேறுபாடு. தாய் வராத கப்பலில் மொழி ஒரு தலைமுறைக்குமேல் பயணம் செய்வதில்லை.

இச்செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு நீராவிக் கப்பலின் காலத்திற்கு வருவோம்.

தந்தியும் நீராவியும்

1870 இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. இக்கடலைப் பொறுத்தவரை அந்நிகழ்ச்சிக்கு உரிய இடத்தை நம் வரலாற்று நூல்கள் தரவில்லை என்பது என் கருத்து. அதுவரை செய்தி மனிதனோடு சேர்ந்தே பயணம் செய்தது. கடிதமும் அதைக் கொண்டுவந்தவனும் ஒரே கப்பலில் இறங்கினர். கம்பி இடப்பட்டபின் செய்தி மணிக்கணக்கில் வந்தது. மனிதன் நாட்கணக்கில் வந்தான். இவ்விரண்டுக்கும் இடையே திறந்த இடைவெளி, விமானம் மக்களுக்கு எட்டும்வரை, ஏறத்தாழ நூறாண்டு மூடவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் தோட்டத் தமிழரின் வாழ்வு நடந்தது.

1896 இல் தான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் விரிந்தது. நாட்டின் இரப்பர்த் தொழிலுக்கு வித்து இம்மாநிலத்தில் விழுந்தது. பால்மரம் பெருகப் பெருக ஆள் தேவையும் பெருகியது. 1907 இல் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது: தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டி, அதிலிருந்து தொழிலாளரின் கப்பற்கட்டணம் செலுத்தப்பட்டது. 1910 இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்து, கங்காணி முறை முதன்மை பெற்றது. கங்காணி தன் ஊருக்கே சென்று, தன் உறவும் ஊராருமாகத் திரட்டிவந்தான். அம்முறையின் கொடுமைகளைப் பலர் எழுதியுள்ளனர், நான் மறுக்கவில்லை. மொழியியலார் ஒருவர் பார்வையில் அதன் மற்றொரு விளைவும் உண்டு: செட்டிகளின் கப்பலில் இல்லாதது இக்கப்பலில் இருந்தது. மனைவியும் தாயும் குழந்தையும், சில வேளை ஒரு தெருவே, ஒன்றாக வந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு ஏறத்தாழ 1,260 கடல்மைல், அதாவது 2,330 கிலோமீட்டர். மணிக்கு 13 கடல்மைல் செல்லும் கப்பலுக்கு இது நான்கு பகல் நான்கு இரவு. சென்னையில் தொடங்கி நாகையில் நின்று ஆளேற்றிப் பினாங்கு சேரும் பயணமாகக் கொண்டால் ஐந்தாறு நாள் ஆகும். முப்பது ஐந்தாகியது. காற்றுக்குக் காத்திருக்கும் தேவையும் ஒழிந்தது. 1926 இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டுப் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தால் இவ்வழியில் விடப்பட்ட 'ரஜூலா', தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. தளப் பயணம் என்றால் அறையில்லை, கட்டிலில்லை. விரித்த பாயே இடம். அதன் உடன்பிறப்பான 'ரோனா' 1943 நவம்பரில் மத்தியதரைக்கடலில் போர்த்துருப்புகளுடன் மூழ்கடிக்கப்பட்டது. ரஜூலாவோ போரையும் கடந்து 1970-களின் தொடக்கம்வரை இக்கடலில் ஓடியது. ஒரு கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஒரே வழியில் ஓடி, பேரன் பெயர்த்தி வரை ஏற்றிச் சென்றதற்கு வேறு எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. ஈ.வெ. இராமசாமி 1929 டிசம்பரில் மலாயா வந்ததும் இவ்வாறு நாகையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியே.

கப்பல் நாள் ஐந்து என்பது முழுக்கணக்கு ஆகாது. இந்தப் பிழையை இன்றைய வான்பயணக் கணக்கிலும் காண்கிறோம். நிலையத்திலிருந்து நிலையம் வரை எண்ணிவிட்டு, வீட்டிலிருந்து வீடு வரை எண்ணாமல் விடுகிறோம். அன்று புறப்படும் முன்னர்த் துறைமுக முகாமில் காத்திருப்பு. இறங்கியபின் தொற்றுத்தடுப்பு முகாமில் அடைப்பு. பினாங்கு வந்தோர் ஜெர்ஜாக் தீவிலும், கிள்ளான் பக்கம் வந்தோர் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் தங்கவைக்கப்பட்டனர். தோட்டத்து முதியோர் அதனைக் 'கொரண்டின்' என்பர். வயது போனவர்களின் கதைகளில் கப்பலைக் காட்டிலும் கொரண்டினுக்கே இடம் அதிகம். அங்கிருந்து இரயிலில் தம்பின். 1905 முதல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குக் கிளைப்பாதை இருந்தது. சப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசென்றனர். அது மீண்டும் இடப்படவில்லை. நிலையத்தில் இறங்கி, ஜாசினுக்கோ மெர்லிமாவுக்கோ ஆசகானுக்கோ லாரியிலோ மாட்டுவண்டியிலோ நடந்தோ செல்லவேண்டும். எல்லாம் கூட்டினால், கிராமத்து வீட்டிலிருந்து தோட்டத்து லயம் வரை வாரங்கள்.

இதன் பொருளை ஒரு சடங்கைக் கொண்டு அளந்து பார்க்கலாம். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இறந்தவர்க்குப் பதினாறாம் நாள் கருமாதி. தாய் இறந்த செய்தி தந்தியில் மறுநாள் தோட்டத்துக் கிராணியிடம் வந்துவிடும். மகன் விடுப்புப் பெற்று, பணம் புரட்டி, பினாங்கு செல்ல இரண்டு நாள். கப்பல் புறப்படும் நாளுக்குக் காத்திருப்பு. கடலில் ஐந்து நாள். நாகையில் இறங்கி ஊர் சேர ஒரு நாள். எல்லாம் கைகூடினால் பதினாறுக்குள் சேரலாம். பெரும்பாலோர்க்கு எதுவும் கைகூடவில்லை. முதலில் பணமே கைகூடவில்லை. ஆகவே கருமாதி இங்கேயே ஆற்றங்கரையில் நடந்தது. உடல் அங்கே, சடங்கு இங்கே. இறந்தவரைப் பார்த்திராத அண்டை லயத்தார் வரிசையில் நின்று முறை செய்தனர். இரத்த உறவு இல்லாதவரை 'கப்பலில் கூட வந்தவர்' என்ற ஒன்றைக் கொண்டு பெரியப்பா, சித்தப்பா என்று அழைக்கும் வழக்கமும் இங்கே வேரூன்றியது.

செட்டியார்களின் கணக்கு வேறு. வெளிநாட்டுத் தொழிலுக்குச் செல்வதை அவர்கள் 'கொண்டுவிற்கப் போதல்' என்றனர். முகவராக வந்தவர் மூன்றாண்டு கணக்கு முடித்து ஊர் திரும்புவார். தமிழ் முஸ்லிம்கள் பயணத்தைச் 'சபர்' என்றும், பிழைக்கக் கடல் கடந்தவரைச் 'சபராளி' என்றும் வழங்கினர். இச்சொற்கள் அனைத்தும் திரும்பிவருதலை உள்ளடக்கியவை. தோட்டத் தொழிலாளியின் பேச்சில் திரும்புதலுக்கெனத் தனிச்சொல் இல்லை. 'ஊருக்குப் போதல்' என்ற பொதுச்சொல்லே உண்டு.

தொலைவு நீண்ட ஆண்டுகள்

1938 இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. கூலிக் குறைப்பை எதிர்த்த நடவடிக்கை அது. கப்பல் ஓடியது; ஆனால் தோட்டத்திற்குப் புதிய ஆள் வரவு முடிந்தது. 1941 டிசம்பரில் போர் வந்தபின் கப்பலும் நின்றது. மூன்றரை ஆண்டு, தந்தியும் இல்லை, கடிதமும் இல்லை. இக்காலத்தில் நாகைக்கும் மலாக்காவுக்கும் இடைப்பட்ட பயண நேரம் எவ்வளவு என்று கேட்டால், விடை எண்ணாக இராது. அக்காலத்தில் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்குத் தமிழகமும் சயாமும் ஒரே தொலைவில் இருந்தன.

விடுதலைக்குப் பின் தொலைவு தாள்களால் அளக்கப்பட்டது. கடப்பிதழ், குடியுரிமைச் சான்று, 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த வேலை அனுமதி. குடியுரிமை பெறாதோர் அனுமதியின்றி வேலை பார்க்க இயலாத நிலையில், 1969-ஐ ஒட்டிப் பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். ஏறத்தாழ 60,000 என்பது பலரும் எடுத்தாளும் கணக்கு. இங்கே பிறந்து, இங்கே பால்வெட்டி, தாம் கண்டிராத ஒரு கிராமத்திற்கு அவர்கள் 'திரும்பினர்'. அச்சொல்லை நான் மேற்கோள் குறிக்குள் வைப்பது வேண்டுமென்றே.

ரஜூலாவிற்குப் பின், பிரெஞ்சுப் பயணிக்கப்பலாயிருந்து இந்தியக் கப்பற் கழகத்தால் வாங்கப்பட்ட 'சிதம்பரம்' இவ்வழியில் ஓடியது. ஆய்வு மாணவனாக நான் அதில் ஒருமுறை சென்னை சென்றேன். விமானக் கட்டணம் என் உதவித்தொகைக்கு எட்டாதிருந்தது ஒரு காரணம். கப்பலில் வட்டார வழக்குகளைக் கேட்கலாம் என்ற ஆசை மற்றொன்று. இரண்டாவது எதிர்பார்த்ததற்கும் மேலாக நிறைவேறியது. பேராவூரணிப் பேச்சும் புதுக்கோட்டைப் பேச்சும் ஆர்க்காட்டுப் பேச்சும் ஒரே தண்ணீர்க்குழாயருகே நின்று வாதிட்டன. மூன்றாம் நாளுக்குள் ஒருவர் சொல் மற்றவர் வாயில் ஏறத் தொடங்கியதைக் குறித்துவைத்தேன். தோட்டத் தமிழின் பொதுவழக்கு லயத்தில் உருவானது என்றே பாடநூல்கள் சொல்லும். அதன் முதல் பாடம் தளத்திலேயே தொடங்கியது என்று அன்றுமுதல் கருதிவருகிறேன். 1985 பிப்ரவரியில் அக்கப்பல் கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அது சேவையினின்று விலக்கப்பட்டது. ஆயிரமாண்டு மக்கள் சென்ற கடல்வழியில் பயணிக்கப்பலின் காலமும் முடிந்தது.

வான்வழி

சுபாங் விமான நிலையம் 1965 இல் திறக்கப்பட்டது. சிப்பாங் 1998 இல். ஆயினும் விமானம் பறந்ததால் மட்டும் தோட்டத்தார் பறந்துவிடவில்லை. நெடுங்காலம் அது அதிகாரிக்கும் வணிகர்க்கும் மாநாட்டுப் பேராளர்க்கும் உரியதாயிருந்தது. என் கணிப்பில், மலாக்காவின் எளிய குடும்பங்களுக்கு அது உண்மையில் திறந்தது 2008 டிசம்பருக்குப் பின்னரே. அம்மாதம் ஏர் ஆசியா நிறுவனம் தன் முதல் இந்திய வழியைத் தொடங்கியது. அது தில்லிக்கும் மும்பைக்கும் அன்று, திருச்சிக்கு. வியப்பில்லை. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் எனக் கப்பல் எந்த மாவட்டங்களை ஏற்றி வந்ததோ, அம்மாவட்டங்களின் நடுவே திருச்சி நிற்கிறது. நாகைத் துறைமுகத்தின் வேலையை இப்போது திருச்சி ஓடுபாதை செய்கிறது. 2024 இல் அங்கே புதிய முனையமும் திறக்கப்பட்டது.

வான்வழிக்கும் காற்று உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் கடல்மட்டக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும்போது, அதற்குப் பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் மேலே, தென்னிந்தியாவின் மீது, கிழக்கிலிருந்து மேற்கே ஒரு விரைவுக்காற்று ஓடுகிறது. 1950-களில் இதனை ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டீசுவரம். விமானங்கள் அதன் அடிவிளிம்பை ஒட்டிப் பறப்பதால், அப்பருவத்தில் இங்கிருந்து தமிழகம் செல்வோர்க்குச் சற்று உந்துதல் கிடைக்கும். வருவோர்க்குச் சற்றுத் தடை. பழைய மாலுமியின் கணக்கு தலைகீழாகியது: எந்தக் காற்று அவனை மலாக்காவிற்குக் கொண்டுவந்ததோ, அதே மாதத்தில் மேலுள்ள காற்று அவன் பேரனை நாகைப் பக்கம் தள்ளுகிறது. வேறுபாடு சில நிமிடங்களே. காத்திருக்க எவருக்கும் தேவையில்லை.

கடிகாரமும் அசைந்திருக்கிறது. 1981 இறுதிவரை தீபகற்ப மலேசியாவிற்கும் இந்தியாவிற்கும் இரண்டு மணி வேறுபாடு. 1982 சனவரி முதல் நாள், சபா சரவாக்கோடு ஒன்றாகும்படி நம் கடிகாரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டது. அந்த அரைமணி அளவு தமிழகம் நம்மிடமிருந்து கூடுதலாக விலகியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. மலாய் மொழியில் கப்பலைக் குறிக்கும் 'காப்பால்' என்னும் சொல் தமிழ்க் 'கப்பல்' என்பதே பெரும்பாலான சொற்பிறப்பியலாரின் முடிபு. விமானத்தை அம்மொழி 'காப்பால் தெர்பாங்', பறக்கும் கப்பல், என்கிறது. நம்மவர் விமானம், வானூர்தி, ஏரோப்பிளேன் என்று மூன்று சொல்லுக்கிடையே தடுமாற, நம் பழைய சொல்லை மலாயர் வானிலேற்றிவிட்டனர்.

இப்போது பதினாறாம் நாள் கணக்கை மீண்டும் போட்டால், மலாக்காவிலிருந்து கிளம்பியவர் மறுநாள் தகனத்திற்கே சேர்ந்துவிடலாம். தந்திக்கும் மனிதனுக்கும் இருந்த இடைவெளி ஏறத்தாழ மூடிவிட்டது. ஆனால் எவருடைய இறப்புக்கு? மூன்றாம் நான்காம் தலைமுறையினரில் பெரும்பாலோர்க்கு அங்கே செய்தி அனுப்ப ஆளில்லை. கொள்ளுப்பாட்டனின் ஊர்ப்பெயர், பிறப்புச் சான்றில் ஆங்கில எழுத்தில் உருத்தெரியாமல் எழுதப்பட்டிருக்கிறது. அது எந்த வட்டத்து எந்தக் கிராமம் என்று கண்டறியச் சொல்லி என்னிடம் வருவோர் உண்டு. பாதிக்குமேல் என்னால் இயலுவதில்லை. 'பட்டி', 'குடி', 'ஊர்' என்னும் ஈறு மட்டும் தெளிவாயிருக்கும். முன்பகுதி கிராணியின் காதில் கேட்டபடி இருக்கும். வழி நான்கு மணியானபோது முகவரி தொலைந்திருந்தது.

மற்றொரு பக்கமும் சொல்லவேண்டும். புதிய ஆள் வரவு நின்ற 1938-க்குப் பின்னும், போருக்குப் பின்னும், இங்கே தமிழ் நிலைத்தது. விமானத்தால் நிலைத்ததன்று. லயமும் கோயிலும் தோட்டப்பள்ளியும் அதனைக் காத்தன. மலாக்காவில் இன்று 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் தோட்டத்தில் பிறந்தவை பல. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகியபின் மாணவரைத் தேடி நிற்பவையும் அவற்றுள் உண்டு. திருச்சிக்கு நாள்தோறும் விமானம் இருக்கையில் தமிழுக்கு என்ன அச்சம் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னைக் கேட்டார். காஜா பெராங் சென்று பாருங்கள் என்றேன். அம்மக்களின் முன்னோர்க்கும் ஆண்டுதோறும் கப்பல் இருந்தது.

அண்மைக்காலத்துப் பேச்சுவழக்கில் நான் கவனித்த ஒன்றைச் சொல்லி அமைகிறேன். ஜாசின் வட்டாரத்து மூத்தோர் 'ஊருக்குப் போறேன்' என்றால் அது இந்தியாவையே குறிக்கும். அங்கே சென்றே இராதவரும் அப்படித்தான் சொல்வர். அவர்களின் பேரப்பிள்ளைகள் சிப்பாங்கில் ஏறித் திருச்சியில் இறங்கி மூன்று நாளில் திரும்புகின்றனர். அவர்கள் 'இந்தியா போறோம்' என்கின்றனர். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அப்பிள்ளைகள் தீபாவளிக்கு முந்திய நாள் 'ஊருக்குப் போறேன்' என்று சொன்னால், பேருந்து வந்து நிற்பது ஜாசினில்.